கூகை யாரிடம் பேசியது

பிப்ரவரி 11

சுண்டு,

போன் பண்ணாதே. நேத்துலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்க, நான் எடுக்கல. எடுத்தா நீ அழுவ. நீ அழுதா நான் உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிச்சுடுவேன். எனக்கு அந்தப் புத்தி போகாது. அதனால எழுதுறேன். நீயும் எழுது.

குடும்பக் கோர்ட்டு ஆலோசகர் அம்மா ரூம்ல என்ன நடந்துச்சுன்னு உன் அண்ணன் வந்து சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருப்பார், அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா. பட்டு யார்கூட இருக்கணும்னு பேச்சு வந்துச்சு. நான் வேலை நேரம், ஸ்கூல், வீடு எல்லாம் சொல்லி முடிச்சேன். அந்த அம்மா தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க. அப்புறம் உன் அண்ணன் பக்கம் திரும்பினாங்க. எங்க கல்யாண வாழ்க்கையில மொத்தமா பேசினதை விட அதிகமா அவர் அன்னிக்குப் பேசினார்.

"மேடம், இவளே தன் வாயால சொல்லியிருக்கா. முட்டையோட சூடு என்னைக் கட்டிப்போட்டிருக்கு, ஒரு நாளாவது அது இல்லாத வானத்துல பறக்கணும்னு. பெத்த புள்ளையைப் பாரம்னு நெனைக்கிறவகிட்ட எப்படி விடறது?"

ஆலோசகர் அம்மா, "முட்டையா?"ன்னாங்க.

நான் விளக்கினேன், சுண்டு. ஒரு அரசாங்க ஆபீஸ்ல, ஃபேன் கரகரன்னு சுத்துற ரூம்ல, முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மாகிட்ட நம்ம விளையாட்டை விளக்கினேன். ஒருத்தர் கதையை நடத்துவாங்க, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா பேசுவோம், முடிவு தெரியாத இடத்துல பகடை உருட்டுவோம். மூடுபனியில ஒரு கோட்டை, நீ பேசுற சாகாத பிரபு, அவன்கிட்ட மாட்டிக்கிட்ட மூணு பேர். அதுல நான் பகல்ல மனுஷி, இருட்டினா கூகையா மாறிடுவேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே நான் பைத்தியக்காரி மாதிரிதான் கேட்டேன். அவங்க பேனாவை மூடி வெச்சுட்டாங்க. "விளையாட்டுதான் மேடம். ஆனா உள்ள இருக்கறதுதானே வெளிய வரும்"னார் உன் அண்ணன்.

அடுத்த அமர்வு வரைக்கும் பட்டு உங்க வீட்டுல. அவ பையை நான்தான் கட்டினேன்.

நான் வீட்டை விட்டு வந்ததுலேர்ந்து வீடியோ கால்லதானே விளையாடறோம். கூகை அந்த வார்த்தையைச் சொன்னப்போ அதுல இருந்தது நீ, நான், மருந்துக்கடைக்காரர். டிரைவர் அண்ணன் ட்யூட்டின்னு பாதியிலேயே போயிட்டார். மருந்துக்கடைக்காரருக்கு உன் அண்ணன் மூஞ்சியே தெரியாது.

மிச்சம் யாருன்னு நீயே எழுது.


பிப்ரவரி 16

அண்ணி,

வெறும் "சுண்டு"ன்னு ஆரம்பிச்சு, கடைசியில கையெழுத்துகூட இல்லாம முடிச்சிருக்கீங்க. திருப்பித் திருப்பிப் பாத்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோன்னு.

முதல்ல பட்டு விஷயம். என்கூடத்தான் படுத்துக்கறா. கீழ் வரிசையில முன்பல்லு ஒண்ணு ஆடுது. "அம்மாதான் பல்லு டாக்டர், அம்மாதான் புடுங்கணும்"கிறா. டாக்டர் இல்லடி, உங்கம்மா லேப்ல பல்லு செய்யறவங்கன்னு சொன்னா, "செய்யத் தெரிஞ்சவங்களுக்குப் புடுங்கத் தெரியாதா?"ன்னு கேக்கறா. நல்லா சாப்பிடறா. கவலைப்படாதீங்க.

அண்ணி, நான் வேணும்னு எதுவும் செய்யல. அண்ணன் சாப்பிடும்போது உங்களைப் பத்திக் கேப்பான். ஞாயித்துக்கிழமை விளையாடினீங்களா, அவ எப்படி இருக்கான்னு. எனக்கு அது நல்ல விஷயமா தோணுச்சு. கதையில இன்னிக்கு இது நடந்துச்சு, அண்ணி பிரமாதமா பேசினாங்கன்னு சொல்லியிருப்பேன். பெருமையா சொன்னதுதான். அதை அவன் அங்க கொண்டுபோய் வெப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் ஆடிப்போயிருக்கேன்.

உங்களை முதல் தடவை விளையாட்டு மேஜைக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தானே. கல்யாணம் ஆன புதுசு. "ஒரு ஆள் குறையுது, வந்து உக்காருங்க அண்ணி"ன்னேன். நடிக்க வராதுன்னீங்க. அப்புறம் நீங்களே லேப்லேர்ந்து எனக்குக் கோரைப்பல்லு செஞ்சு கொண்டுவந்தீங்க. அதை மாட்டிக்கிட்டு, "சாவு உன்னைச் சும்மா விடாது"ன்னு மிரட்ட வந்து, "தாவு உன்னைத் தும்மா விதாது"ன்னேன். டிரைவர் அண்ணன் நாற்காலியோட பின்னால சாய்ஞ்சு விழுந்தார். அந்த சுண்டுதான் நான். வேற யாரோ மாதிரி எழுதாதீங்க.

சுண்டு


பிப்ரவரி 21

சுண்டு,

சாப்பிடும்போது சொன்னேங்கற. சரி. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ.

அன்னிக்கு நீ ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சுக்கிட்டுத்தான் பிரபுவா பேசின. திரையில ரெண்டு கையும் தெரிஞ்சுது. அந்த நேரத்துல டம்ளர்ல ஸ்பூன் கலக்குற சத்தம் கேட்டுச்சு. நிதானமா, அடிமட்டம் வரைக்கும் ஒரு பொட்டுச் சக்கரை விடாம கலக்குற சத்தம். அது யார் கலக்குறதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அப்போ ஹால்லேர்ந்து வருதுன்னு நெனச்சேன். ஹால் டீ இவ்வளவு கிட்டத்துல எப்படிக் கேக்கும்னு இப்பத்தான் தோணுது.

இன்னொண்ணு. உன் பிரபு வசனம் பேசுவான். "நிலவே என் அடிமை" அப்படி இப்படின்னு அளப்பான். சந்தேகப்படுற புருஷன் மாதிரி கேள்வி கேக்க மாட்டான். கடைசி சில வாரமா அவன் கேட்டதெல்லாம் கேள்வி. "இந்தக் கோட்டையில உனக்கு என்ன குறை?" "வெளிய போய் நீ என்ன சாதிச்ச?" நான் உன் எழுத்து மாறுது, பக்குவம் வருதுன்னு நெனச்சுச் சந்தோஷப்பட்டேன். உனக்கு மெசேஜ் வேற போட்டேன், ஞாபகம் இருக்கா?

ஏன் கூகைன்னு நீ ஒரு நாளும் கேக்கல. உன் அண்ணன் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து பகல் பூரா தூங்குவார். குக்கர் விசில் வரக்கூடாது, பீரோ கதவு சத்தம் வரக்கூடாது, குழந்தை அழக்கூடாது. சத்தம் வந்துட்டா கத்த மாட்டார். பேச மாட்டார். வாரக்கணக்கா பேச மாட்டார். அந்த வீட்டுல நான் நடக்கக் கத்துக்கிட்டதே பாதத்தோட ஓரத்துலதான். கூகை பறந்தா சத்தமே வராதுன்னு எங்கேயோ படிச்சேன். சத்தம் வராம இருக்கறது ஒரு பலமாவும் இருக்கலாம்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது அந்தப் பறவைதான். ஞாயித்துக்கிழமை மதியம், அவருக்குச் சத்தம் கேக்காத மொட்டை மாடி ரூம்ல, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சுக்கிட்டு விளையாடுவோமே, அந்த ஒரு மேஜையிலதான் நான் பயப்படாம வாயைத் திறந்தேன்.

நீ பக்கத்துல யாரை உக்கார வெச்சிருந்த?


மார்ச் 4

அண்ணி,

மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். இதை எழுதி முடிச்சதும் ஒட்டிடுவேன், திரும்பப் படிக்க மாட்டேன்.

ஆமா. இருந்தான். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல, தரையில, கேமராவுக்குத் தெரியாம.

முதல் தடவை தானா நடந்துச்சு. ஷிப்ட் இல்லாத நாள். சார்ஜர் தேடி என் ரூமுக்குள்ள வந்தான். அப்பத்தான் கூகை கோபுரத்துல உக்காந்து, கோட்டைக்கு வரதுக்கு முந்தி வாழ்ந்த வீட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தா. அவன் அப்படியே நின்னான். அப்புறம் உக்காந்துட்டான். கால் முடிஞ்சு திரும்பிப் பாத்தா கண்ணெல்லாம் சிவந்திருக்கு. "இவ இப்படியெல்லாம் பேசுவாளா?"ன்னு கேட்டான். அண்ணன் அழுது நான் பாத்ததே இல்ல, அண்ணி. அப்பா போனப்போகூட இல்ல. இவனுக்குப் புரியுது, இன்னும் ரெண்டு வாரம் கேட்டா உங்க கால்ல விழுந்து கூட்டிட்டு வந்துடுவான்னு நம்பினேன். சத்தியமா நம்பினேன்.

அடுத்த வாரம் அவனே வந்து உக்காந்தான். துண்டுக் காகிதத்துல எழுதி என் பக்கம் தள்ளுவான். "பிரபு இதைக் கேக்கட்டும்." நான் கேப்பேன். நீங்க பதில் சொல்லுவீங்க.

இதைச் சொல்லலன்னா மிச்சம் எல்லாம் பொய்யாயிடும். நான் உங்க ரெண்டு பேரைச் சேத்து வைக்க மட்டும் அதைச் செய்யல. அவன் கேள்விக்கு நீங்க சொன்ன பதில் மாதிரி ஒண்ணை நம்ம மேஜையில யாரும் பேசினதே இல்ல. மருந்துக்கடைக்காரர் மூக்கைத் துடைச்சுக்கிட்டார். பகடைகூட யாரும் உருட்டல. கதை நடத்துறவளுக்கு வாழ்நாள்ல ஒரு தடவை கிடைக்கற காட்சி அது. எனக்குப் போதை ஏறிடுச்சு. முட்டையைப் பத்தின கேள்வி வந்தப்போ இது சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. காகிதத்தைப் பாத்தேன். திரையில உங்களைப் பாத்தேன். கேட்டுட்டேன்.

பட்டு பல்லு விழுந்துடுச்சு. சப்பாத்தியைக் கடிச்சப்போ வந்துடுச்சு, புடுங்க வேண்டி வரல. பஞ்சுல சுத்தி இதோட வெச்சிருக்கேன். அவதான் அனுப்பச் சொன்னா.

சுண்டு


மார்ச் 9

பல்லு வந்துச்சு. நன்றி. வேற எதுக்கும் நன்றி இல்ல.

உன் அண்ணனுக்குப் புரியட்டும்னு செஞ்சேன்னு எழுதியிருக்க. என்ன புரியணும் அவருக்கு? நான் ஊமையா? பட்டு பொறந்த வருஷம், "ரொம்ப அசதியா இருக்குங்க, ஒரே ஒரு நாள் நீங்க பாத்துக்கோங்க, நான் தூங்கி எழுந்திருக்கறேன்"னு அவர் முகத்தைப் பாத்துச் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதையேதான் கூகையும் சொல்லுச்சு. பொண்டாட்டி சொன்னா தொணதொணப்பு, பறவை சொன்னா கண்ணீரா? அந்தக் கண்ணீரைத் துடைச்ச கையாலதானே காகிதத்துல அடுத்த கேள்வி எழுதினார்?

அவரையாவது விடு. அவர்கிட்ட நான் எதையும் எதிர்பாக்கறதை விட்டுத்தான் வெளிய வந்தேன். நீ வேற. வீட்டை விட்டு வரப்போறேன்னு முதல்ல சொன்னது உன்கிட்ட. என் பெட்டியைக் கீழ தூக்கிட்டு வந்தவ நீ. அந்த வீட்டுல என் ஆளுன்னு நான் நெனச்சது உன் ஒருத்தியைத்தான்.

இப்போ ஒரு காரியம். அழுது எழுதாதே, மன்னிப்பு கேட்டு எழுதாதே. கூகை சொன்னதுல பாதியைத்தான் உன் அண்ணன் அங்க சொன்னார். மீதி என்னன்னு உனக்குத் தெரியும். "பறந்தாலும் அந்தக் கூட்டுக்கு மேலயேதான் சுத்திச் சுத்திப் பறப்பேன். என் நிழல் அது மேல விழுந்துக்கிட்டே இருக்கணும்"னு முடிச்சேன். ஆலோசகர் அம்மாகிட்ட நான் சொன்னா, மாட்டிக்கிட்டதும் ஒட்டவெச்சுப் பேசறேன்னு நெனைப்பாங்க. நீ வா. முழுசையும் சொல்லு. கேள்வி யாரோடதுன்னும் சொல்லு. இந்த மாசம் கடைசி வாரத்துல அமர்வு.

வருவியா மாட்டியா, அது மட்டும் எழுது.


மார்ச் 15

அண்ணி,

உடனே வரேன்னு எழுத முடியல. எழுதிட்டு வராம போனா அதை விடக் கேவலம்.

அண்ணன்கிட்ட கேட்டேன். "நான் உன்னை நம்பித்தானே உள்ள விட்டேன், அதைக் கொண்டுபோய் அங்க வெச்சுட்டியே"ன்னேன். டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தான். "நீ யாரு பக்கம்?"னான். "பட்டு பக்கம்"னேன். அவ்வளவுதான். அதுலேர்ந்து பேசறதில்ல.

நீங்க எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க, பேச மாட்டார் பேச மாட்டார்னு. பேசலன்னா என்ன, நிம்மதிதானேன்னு நான் கிண்டல்கூட பண்ணியிருக்கேன். இப்போ எனக்கு நடக்குது. ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடறோம், தண்ணிச் சொம்பு என் பக்கத்துல இருந்தா எழுந்துபோய் வேற சொம்பு எடுத்துட்டு வரான். நான் ரூமுக்குள்ள வந்தா லைட்டை அணைச்சுட்டுப் போறான். என் வீடு இது, நான் பொறந்து வளந்த வீடு, நான் பாத்திரத்தை மெதுவா வைக்க ஆரம்பிச்சிருக்கேன்.

அம்மா வேற. "வெளிய போனவளுக்காக உள்ள இருக்கறவனை விட்டுக்குடுப்பியா?"ன்னு கேக்கறாங்க. எக்ஸ்ரே ரூம்ல கூட்டம் இல்லாத நேரத்துல உக்காந்து இதை எழுதறேன். இங்க வரவங்ககிட்ட தினமும், "மூச்சை இழுத்துப் புடிங்க, அசையாதீங்க"ன்னு சொல்றது என் வேலை. எனக்கே யாரோ அதைச் சொல்லிட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு.

இன்னும் முடிவு பண்ணல. உண்மையைச் சொல்றேன், பயமா இருக்கு.

சுண்டு


மார்ச் 29

அண்ணி,

நீங்க என் பக்கம் திரும்பவே இல்ல. நான் உள்ள வந்து நாற்காலியை இழுத்துப் போட்டப்போகூட ஆலோசகர் அம்மா மேஜை மேல இருந்த பேப்பர் வெயிட்டையே பாத்துக்கிட்டிருந்தீங்க. அதனால நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. பஸ் டிக்கெட்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

அந்த அம்மா கேட்டாங்க இல்ல, "அந்தப் பிரபுங்கறது யாரு?"ன்னு. பஸ்ல வரும்போது பெரிய பேச்சா தயார் பண்ணி வெச்சிருந்தேன். "குரல் என்னோடது மேடம். கேள்வி அண்ணனோடது"ன்னுதான் வந்துச்சு. அப்புறம் கூகை சொன்னதை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொன்னேன். ஒரு எழுத்து மாறல. அண்ணன், "இவளும் அவகூடச் சேந்துக்கிட்டா"ன்னான். அதுக்கு அவங்க, "உங்களுக்கு இதையெல்லாம் தெரிஞ்சுக்கணும்னா உங்க மனைவிகிட்டயே கேட்டிருக்கலாமே சார்"னாங்க. அவங்க முன்னாடியும் அதே மௌனம். ஆனா அந்த ரூம்ல அது எடுபடல.

பட்டு உங்ககூட, வாரக் கடைசி மட்டும் அண்ணன்கிட்டன்னு அவங்க எழுதினப்போ உங்க தோள் கொஞ்சம் இறங்குச்சு. அதைப் பாத்தேன்.

நான் வீட்டை விட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி லேடீஸ் ஹாஸ்டல், மூணு பேருக்கு ஒரு ரூம். அம்மா போன் எடுக்கறதில்ல. இதை உங்க இரக்கத்துக்காக எழுதல. சரி, கொஞ்சம் அதுக்காகவும்தான்.

நம்ம மேஜை அப்படியே பாதியில நிக்குது. டிரைவர் அண்ணன் எப்போன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். அண்ணி, பிரபுவே வேண்டாம், அவனைச் சாகடிச்சுடறேன். நான் கதையே நடத்தல, ஒரு ஓரமா ஏதாவது சின்னப் பாத்திரம் எடுத்துக்கறேன். வாயே பேசாத ஒரு வாயில்காப்பாளன் போதும். கூகை எங்க நிக்குதுன்னு மட்டும் ஒரு வார்த்தை எழுதுங்க. நாம விட்ட இடத்துல கோபுரத்து ஜன்னல் திறந்திருந்துச்சு. அவ வெளிய போனாளா, உள்ளேயே இருக்காளா? எனக்குத் தெரிஞ்சாகணும். தூக்கம் வரல.

சுண்டு


ஏப்ரல் 12

சுண்டு,

நீ வந்ததுக்கு நன்றி. மனசாரத்தான் சொல்றேன். பட்டு இப்போ என் கட்டில்ல குறுக்கால படுத்துத் தூங்கறா, அது நீ வந்ததால. நீ என்ன விலை குடுத்தன்னும் எனக்குத் தெரியும். அந்த வீட்டை விட்டு ஒரு பையோட வெளிய வரது எப்படி இருக்கும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? ஹாஸ்டல்ல ஜன்னல் பக்கத்துக் கட்டில் கேட்டு வாங்கிக்கோ. முதல்ல குடுக்க மாட்டாங்க, விடாம கேளு.

அன்னிக்கு உன்னைப் பாத்திருந்தா எழுந்து வந்து உன் கையைப் புடிச்சிருப்பேன். அதனாலதான் பாக்கல.

நீ செஞ்சது சரியான காரியம். ஆனா அதைச் செஞ்சதும் எல்லாம் பழையபடி ஆயிடும்னு நெனச்சிட்ட. நானும் அப்படித்தான் நெனச்சேன். நீ பேசி முடிச்சதும் மனசுல இருக்கற கல்லு இறங்கிடும்னு காத்துக்கிட்டிருந்தேன். பட்டுவைப் பத்தின கல்லு இறங்குச்சு. உன்னைப் பத்தினது அப்படியே இருக்கு. கூகை சொன்னதை ஒரு எழுத்து மாறாம ஒப்பிச்சியே, அப்போ எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. இவ்வளவு நல்லா கேட்டிருக்கா. ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கா. யார் பேசறாங்கன்னு தெரிஞ்சே கேட்டிருக்கா. தெரிஞ்சே காகிதத்துல இருந்ததைப் படிச்சிருக்கா.

உன் அண்ணன் செஞ்சதை மறந்துடுவேன்னு நெனைக்கிறேன். அவர் எனக்கு எதையும் தந்ததில்ல, அதனால எடுத்துக்கவும் பெருசா ஒண்ணுமில்ல. நீதான் எனக்கு அந்த மேஜையைத் தந்த. நீயே அதை எடுத்துக்கிட்ட.

பட்டுகிட்ட எதையும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீ அத்தைதான். எப்போ வேணும்னாலும் வந்து கூட்டிட்டுப் போ. புதுப் பல்லு எட்டிப் பாக்குது, வந்தா காட்டுவா. வாயை ஆன்னு திறந்து நீ போதும் போதும்ங்கற வரைக்கும் காட்டுவா.

மேஜை நிக்கல. நீ இல்லாம போன ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சுட்டோம், மருந்துக்கடைக்குப் பின்னாடி சரக்கு வைக்கற ரூம்ல, நேர்ல. கதையை மருந்துக்கடைக்காரரே நடத்தறார். ரொம்ப மோசம். பிரபு மிரட்டறது, "சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒண்ணு, தண்ணி நிறைய குடிங்க"ன்னு சொல்ற மாதிரியே இருக்கு. டிரைவர் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாம வெளிய போய் நின்னுட்டு வந்தார். நானும் சிரிச்சேன். ரொம்ப நாள் கழிச்சு, சத்தமா.

கூகை எங்கன்னு கேட்டிருந்த. இருக்கா. உயிரோட இருக்கா. ஜன்னல் வழியா போனாளா, போகலையா, போயிருந்தா எந்தப் பக்கம், இப்போ எந்தக் கூரையில, எந்த மரத்துல உக்காந்திருக்கா, எல்லாம் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், டிரைவர் அண்ணனுக்குத் தெரியும்.

உனக்குச் சொல்ல மாட்டேன்.

பட்டு அம்மா